மோகனசுந்தரத்தின் சைக்கிள்

ஜூன் 2, ஞாயிறு

மோகனசுந்தரம் இன்று காலை கோத்தகிரிக்குப் போய்விட்டான். சுற்றிப் பார்க்க இல்லை, குடியிருக்க. ஷர்மிளாவோடு.

பதினாறு வருடம் ‘அவர்’ என்று சொல்லிப் பழகிய வாய். இந்த நோட்டில் ‘அவன்’ என்றுதான் எழுதப்போகிறேன். எழுதிப் பார்த்தேன். பேனா ஒன்றும் உடைந்துவிடவில்லை.

ஷர்மிளா அவனுடைய சைக்கிள் கிளப்பில் இருப்பவள். கோத்தகிரியில் வீடு பிடித்து, வெளியூர்க்காரர்களைச் சைக்கிளில் கூட்டிப்போய் மலை காட்டும் தொழில் ஆரம்பித்திருக்கிறாள். நம் வீட்டுக்கு மூன்று தடவை வந்திருக்கிறாள். நான் செய்த அரிசிம்பருப்பு சாதத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். “எப்படிக்கா செய்யறீங்க?” என்று பக்குவமும் கேட்டாள். நானும் அடுப்படியில் நின்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். சாதத்தை மட்டும்தான் சொல்லிக்கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு பெட்டி, கம்ப்யூட்டர், பழைய மலைச் சைக்கிள். இவ்வளவுதான் எடுத்துப்போனான். அவனுடைய உயிரான ரேஸ் சைக்கிள் ஹால் சுவரில் கொக்கியில் தொங்குகிறது. மலையில் மழை ஓயும்வரை அது இங்கேயே இருக்கட்டுமாம். கார்பன் பிரேம், ஒரு கையால் தூக்கிவிடலாம். அதற்காகத்தான் எங்கள் கல்யாண போட்டோ அந்தச் சுவரிலிருந்து பீரோ மேலே போனது.

வாசலில் நின்று கடைசியாகச் சொன்னான்: “சைக்கிளை மட்டும் யாரும் தொடாம பாத்துக்க. வாரம் ஒருக்கா காத்து அடிச்சு வெச்சிரு.”

“சரிங்க” என்றேன். அதுதான் எரிகிறது. சரிங்க என்றேனே.

அத்தை, அதாவது அவனுடைய அம்மா, எங்களோடுதான் இருக்கிறார். இனிமேல் ‘எங்களோடு’ என்றால் என்னோடு. மகன் போனபோது பூஜை அறையை விட்டு வெளியே வரவே இல்லை. மத்தியானம் இரண்டு பேருக்கும் ரசம் வைத்தேன். ஒருவரும் சாப்பிடவில்லை.

ஜூன் 3, திங்கள்

சைக்கிளைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டேன்.

ஜூன் 4, செவ்வாய்

நேற்று அந்த ஒரு வரிக்கு மேல் எழுத நேரமில்லை. இன்று விவரமாக எழுதுகிறேன்.

லேபுக்கு எப்போதும் ஸ்கூட்டரில்தான் போவேன். பீளமேட்டில் நூல், துணி சோதனைக்கூடம். எந்த நூல் எவ்வளவு பாரத்தில் அறும் என்று மெஷினில் இழுத்துப் பார்த்துச் சொல்வது என் வேலை. நேற்று ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுத்தவள், சுவரைப் பார்த்தேன். அது பளபளவென்று தொங்கிக்கொண்டிருந்தது. அதன் மேல் விழுகிற மாதிரி ஒரு சின்ன விளக்கு வேறு போட்டு வைத்திருக்கிறான். என்னை இந்த வீட்டில் யாரும் விளக்குப் போட்டுப் பார்த்ததில்லை.

யாரும் தொடக்கூடாதா? தொடுகிறேன். தொட்டு, தினமும் ஆபீஸுக்கு ஓட்டிப்போகிறேன்.

தள்ளிக்கொண்டே தடாகம் ரோட்டில் டேனியலின் சைக்கிள் கடைக்குப் போனேன். அந்தப் பெடலில் அதற்கென்று இருக்கும் ஷூவை மாட்டினால்தான் கால் நிற்கும். அதைக் கழற்றிச் சாதாரணப் பெடல் போடச் சொன்னேன். கேரியர், மட்கார்ட், பெல்.

டேனியல் தலையைச் சொறிந்தார். “ஏனுங்க மேடம், இதுக்குப் போயி கேரியருங்களா? சாருக்குத் தெரியுங்களா?”

“தெரியோணும்னுதான் போடறேன்.”

பிறகு சீட். நான் அவனைவிட ஒரு விரற்கடை உயரம். கல்யாணத்தன்று என்னைத் தட்டைச் செருப்புப் போடச் சொன்னார்கள், போட்டோவில் கொஞ்சம் குனிந்து நிற்கச் சொன்னார்கள். நேற்று டேனியல் சீட்டை மேலே தூக்கி முறுக்கியபோது, குனிந்து நின்ற கழுத்து நிமிர்ந்த மாதிரி இருந்தது.

பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போனவள்தான். ஆனால் இந்த வளைந்த ஹேண்டிலைப் பிடித்து, முதுகைச் சாய்த்து, நூல் மாதிரி டயரில் வடவள்ளியிலிருந்து பீளமேடு போவது வேறு. லாலி ரோடு சிக்னலில் கால் ஊன்றத் தெரியாமல் பக்கத்து ஆட்டோமேல் சாய்ந்துவிட்டேன். டிரைவர் திட்டினார். காந்திபுரத்தில் கை மரத்துப்போயிற்று. லேபுக்குள் நுழைந்தபோது சேலை கசங்கி, முகம் மிளகாய் மாதிரி இருந்தது.

லேப் புங்க மரத்தடியில் நிறுத்தினேன். காக்காய் உட்காரும் கிளையாகப் பார்த்து.

ஜூன் 6, வியாழன்

இடுப்புக்குக் கீழே எல்லாம் வலி. இன்றும் போனேன். இனி சுடிதார்தான்.

அத்தை சாயங்காலம் சைக்கிளைப் பார்த்துக் கண் கலங்கினார். “ஆசை ஆசையா வாங்குனானே கண்ணு. சேறும் சகதியுமா ஆக்கிட்டியே.”

“உங்க பையன் ஆசையா கட்டுன ஆள் நானுந்தானுங்கத்தை.”

அத்தை ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்பளம் பொரித்து வைத்திருந்தார்.

ஜூன் 13, வியாழன்

இன்று ஒரு நல்ல யோசனை வந்தது. வரும்வழியில் மார்க்கெட்டில் வாழைத்தார் ஒன்று வாங்கிக் கேரியரில் கட்டினேன். ஹேண்டிலில் இரண்டு பக்கமும் முருங்கைக்காய்க் கட்டு. வீட்டு வாசலில் நிறுத்திப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டேன். ‘இன்றைய ஆபீஸ் பயணம்’ என்று மட்டும் எழுதினேன்.

ஜூன் 13, இன்னும் கொஞ்சம்

பார்த்திருக்கிறான்.

ஜூன் 18, செவ்வாய்

தினமும் ஒரு போட்டோ. காக்காய் எச்சத்தோடு ஒன்று. மழையில் நனைந்துகொண்டு ஒன்று. சீட்டுக்குப் போட்ட ரோஸ் கலர் பிளாஸ்டிக் உறை தெரிகிற மாதிரி ஒன்று. யார் யார் பார்த்தார்கள் என்று வரும் பட்டியலில் அவன் பெயர் முதல் இரண்டு மூன்று பேருக்குள் வந்துவிடுகிறது. ஒன்றும் எழுத மாட்டேன் என்கிறான். எழுதினால் கேட்க வேண்டிய கேள்வி எனக்கு நிறைய இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

இந்த வாரம் இரண்டு பஞ்சர். டயரைக் கழற்றி மாட்ட நானே கற்றுக்கொண்டேன். நகம் எல்லாம் கறுப்பு.

ஜூலை 1, திங்கள்

எழுதிவிட்டான். எழுதியே விட்டான்!

‘அது ரேஸ் சைக்கிள். ஆபீஸ் போக உனக்கு ஸ்கூட்டர் இருக்கில்ல?’

‘இருக்கு’ என்று பதில் போட்டேன்.

ஒரு ‘ங்க’ சேர்க்காமல் அவனுக்கு நான் எழுதிய முதல் சொல். அனுப்பிவிட்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு அழகாக, மொட்டையாக நிற்கிறது.

ஜூலை 9, செவ்வாய்

கியர் எப்போது மாற்றுவது என்று காலுக்கே தெரிந்துவிட்டது. லட்சுமி மில்ஸ் தாண்டியதும் காற்று பின்னாலிருந்து தள்ளும். அங்கே கியரை ஏற்றிவிட்டால் மேம்பால வேலைக்காக நிற்கும் கார் வரிசையை எல்லாம் ஓரமாகத் தாண்டிவிடலாம். ஸ்கூட்டரில் வரும்போதைவிடச் சீக்கிரம் வந்துவிடுகிறேன். லேபில் என் உதவியாளர் பெனசீர் கேட்டாள்: “மேடம், முகம் பளிச்சுன்னு இருக்கே, என்ன கிரீம் போடறீங்க?”

பிடித்திருக்கிறது என்று எழுதவில்லை. வேகமாக இருக்கிறது என்றுதான் எழுதுகிறேன்.

படுத்தால் தூக்கம் வருகிறது. இதையும் சும்மா குறித்து வைக்கிறேன்.

ஜூலை 17, புதன்

அத்தை இன்று மகனோடு போனில் பேசினார். அடுப்படியில் இருந்த என் காதில் விழட்டும் என்றே சத்தமாகப் பேசினார். “அவ ஓட்டுனா என்னடா தேஞ்சா போயிருச்சு? சைக்கிளு ஓட்டத்தான? நீ என்ன அதுக்குத் தாலியா கட்டுன?”

பிறகு என்னிடம் திரும்பி, “நான் அவன் பக்கந்தான். அது வேற. ஆனா பேச்சுக்குன்னு ஒண்ணு இருக்குதல்ல” என்றார்.

ஜூலை 26, வெள்ளி

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து இப்படித்தான் இருக்கும்.

காலையில் நல்ல மழை. லாலி ரோட்டில் எனக்கு முன்னே போன மினி லாரி திடீரென்று பிரேக் போட்டது. நான் ஒதுங்கினேன். தண்ணீருக்கு அடியில், குழாய் பதிக்கத் தோண்டி மூடாமல் விட்ட பள்ளம். முன்சக்கரம் உள்ளே போய், சைக்கிளும் நானும் லாரியின் பின்பக்கத்தில் மோதினோம். வலது மணிக்கட்டில் சுளுக்கு, கட்டுப் போட்டிருக்கிறார்கள். தாடையில் தையல். முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடக்கிறது. பெனசீர்தான் ஓடிவந்தாள், ஆஸ்பத்திரியிலும் கூட இருந்தாள்.

ஹேண்டில் கோணிப்போய் சைக்கிள் ரோட்டில் கிடந்ததைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போடச் சொன்னேன். அவள் மாட்டேன் என்றாள். நான்தான் விடாமல் போட வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. அவன். ஜூன் இரண்டாம் தேதிக்குப் பிறகு முதல் தடவையாகக் குரல்.

“சைக்கிளுக்கு என்னாச்சு?”

தாடையில் பஞ்சு ஒட்டியிருந்தது. அவனே பேசினான். “பிரேம்ல அடியா? ஃபோர்க் உடைஞ்சிருச்சா? சொல்லித் தொலையேன்.”

“நான் நல்லா இருக்கேன்” என்றேன்.

“அதான் பேசறியே” என்றான்.

இதை எழுதி வைக்கிறேன். வார்த்தை மாறாமல். எந்தக் காலத்திலும் எனக்கு மனசு இளகினால் இந்தப் பக்கத்தைத் திறந்து படித்துக்கொள்ள வேண்டும்.

ஆகஸ்ட் 5, திங்கள்

மறுபடி ஓட்ட ஆரம்பித்துவிட்டேன். டேனியல் ஹேண்டிலை நேராக்கி, முன்சக்கரத்தைச் சரிசெய்து கொடுத்தார். மேட்டில் ஏறும்போது மட்டும் எங்கோ ‘கிறீச்’ என்கிறது. செயினுக்கு எண்ணெய் விட்டேன். நிற்கவில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டேன்.

ஹேண்டிலுக்குக் கீழே சாய்ந்து இறங்கும் தடித்த குழாயில், அடிப்பக்கமாக, தலைமுடி கனத்தில் ஒரு கோடு. பார்த்தால் பெயின்ட் கீறல் மாதிரிதான் இருக்கிறது. லேபுக்குள் கொண்டுபோய் ஒரு நாணயத்தை எடுத்துக் குழாய் நெடுகத் தட்டினேன். ‘டிக், டிக்’ என்று வந்துகொண்டே இருந்த சத்தம் அந்த இடத்தில் மட்டும் ‘தொப்’ என்றது.

கார்பன் என்பதும் இழைதான். இழைகளை அடுக்கிப் பசையில் ஊறவைத்து இறுக்கியது. அதனால் இது என் விஷயம். இழை ஒரேயடியாக அறாது, ஒவ்வொன்றாக அறும். கடைசி இழை அறும்வரை முழுசாக இருக்கிற மாதிரியே இருக்கும். நம்பிப் பாரத்தைப் போடுகிறவனுக்கு ஒரு எச்சரிக்கையும் கிடைக்காது. மெஷினில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

டேனியலிடமும் காட்டினேன். “முடிஞ்சுதுங்க மேடம். இனி சுவத்துல மாட்டறதுக்குத்தான் ஆகும். இதுல ஏறாதீங்க” என்றார்.

தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் மனது கனத்துக் கிடந்தது. லேபுக்கு நாளைக்கு ஸ்கூட்டரில் போகவேண்டுமே என்றுதான்.

ஆகஸ்ட் 10, சனி

அவனிடமிருந்து செய்தி. ‘மழை விட்டிருச்சு. 25ஆம் தேதி ஞாயிறு வந்து சைக்கிளை எடுத்துக்கறேன். செப்டம்பர் ஒண்ணு கோத்தகிரி டு மேட்டுப்பாளையம் இறக்கம், கிளப் போட்டி. கேரியர், பெல் கருமத்தை எல்லாம் கழட்டி வை.’

இரண்டு தடவை படித்தேன்.

‘சரி, கழட்டி வைக்கறேன்’ என்று பதில் போட்டேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

யோசித்துப் பார்த்தால் நான் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. அவன் கேட்டது அவனுடைய சைக்கிள். நான் கொடுக்கப்போவது அவனுடைய சைக்கிள். கேட்டதைக் கேட்டபடி கொடுப்பதில் என்ன தப்பு? ‘சைக்கிளுக்கு என்னாச்சு’ என்று கேட்டவன்தானே. நன்றாகப் பார்த்து எடுத்துக்கொள்ளட்டும்.

கேரியரைக் கழற்றினேன். மட்கார்டைக் கழற்றினேன். பழைய பெடலைப் போட்டேன். சீட்டை இறக்கினேன். சோப்புத் தண்ணீரில் துடைத்து மெழுகு போட்டுத் தேய்த்தேன். அந்தக் கோட்டின் மேலும் தேய்த்தேன். முன்பைவிடக் குறைவாகத்தான் தெரிகிறது.

அத்தை நின்று பார்த்தார். “நல்ல மனசு கண்ணு உனக்கு. வேற ஒருத்தியா இருந்தா உடைச்சுப் போட்டிருப்பா.”

சைக்கிளைப் பழையபடி சுவரில் மாட்டிவிட்டு, துணியைப் பிழிந்து காயப்போட்டேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

லீவு. வீட்டில் இருந்தால் சுவரைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்த மலை இறக்கம் எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் காரில் முன்னாலேயே போய், கீழே டீக்கடையில் காத்துக்கொண்டிருப்பேன். கொண்டை ஊசி வளைவுகள் தாண்டி ஒரு நீளமான நேர் ரோடு வரும். எல்லோரும் அங்கே பிரேக்கை லேசாகப் பிடித்தபடி வருவார்கள். அவர் மட்டும் இரண்டு கையையும் கீழே இறக்கி, தாடை ஹேண்டிலில் படுகிற மாதிரிக் குனிந்து, சின்னப் பையன் மாதிரி சிரித்துக்கொண்டே வருவார். பாரம் எல்லாம் முன்பக்கம்தான். அந்தக் குழாயின் மேல்தான்.

‘அவர்’ என்று எழுதிவிட்டேன். அவன். அவன். அவன்.

ஆகஸ்ட் 21, புதன்

லேபில் ஒரே நூலை மூன்று முறை சோதித்து மூன்று முறையும் தப்பாகக் குறித்தேன். பெனசீர்தான் கண்டுபிடித்தாள். “உடம்பு சரியில்லைங்களா மேடம்?”

வெயில் அதிகம் என்றேன். வெளியே தூறிக்கொண்டிருந்தது.

ஜூலை 26ஆம் தேதிப் பக்கத்தை எடுத்துப் படித்தேன். படித்ததும் மனது கெட்டியாயிற்று. நல்லது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

பத்து மணிக்கு ஜீப் வந்து நின்றது. ஷர்மிளாதான் ஓட்டிவந்தாள். இறங்கவில்லை. அவன் மட்டும் உள்ளே வந்தான். இளைத்திருந்தான். அத்தை அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “சாப்புடறயா சாமி?” என்றார். “வேண்டாம்மா, நேரமாச்சு” என்று நேராகச் சுவரிடம் போனான்.

சைக்கிளை இறக்கி, சன்னல் வெளிச்சத்தில் வைத்து, குனிந்து குனிந்து பார்த்தான். இங்கே ஒரு கீறல். அங்கே ஒரு சொட்டை. சீட்டுக்குக் கீழே கேரியர் கடித்த தழும்பு. ஒவ்வொன்றுக்கும் ‘ச்சு’ கொட்டினான். என் தாடைத் தழும்பு அவன் முகத்துக்கு எதிரேதான் இருந்தது.

“இதைப் போயி ஆபீஸுக்கு ஓட்டறதுக்கு உனக்கு எப்படி மனசு வந்துச்சு?”

நான் வாயைத் திறக்கப்போவதில்லை என்றுதான் நின்றேன். சத்தியமாக அப்படித்தான் நின்றேன். அவன் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தான், தடவினான், தாண்டிப் போய்விட்டான்.

“அந்த இடத்துல விரிசல் இருக்கு” என்றது என் வாய். “உள்ள இழை அறுந்திருக்கு. மலையில ஓட்டாதீங்க.”

நிமிர்ந்து பார்த்தான். பிறகு சிரித்தான். “இது பெயின்ட் கீறல்.”

“இல்லைங்க. தட்டிக் காட்டறேன்.” நாணயம் எடுத்துத் தட்டினேன். டிக், டிக், தொப். அத்தைக்குக் கூடக் கேட்டிருக்கும்.

“எல்லாம் ஒரே சத்தந்தான். நவமணி, இருபது வருஷமா ஓட்டறேன். நூல் இழுத்துப் பாக்கறவ எனக்குச் சைக்கிள் சொல்லித் தர்றியா? இதை விட உனக்கு மனசு வரல. அவ்வளவுதானே? நான் அவகூட மலை இறங்கறதை உன்னால பாக்க முடியல.”

“டேனியல்கிட்ட வேணா கேளுங்க.”

“நீ சொல்லிக் குடுத்ததை அவன் சொல்லுவான்.”

சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே போனான். போர்ட்டிகோ தூணில் சாய்த்துவிட்டு ஜீப்பின் பின்கதவைத் திறக்கப் போனான்.

நான் சொல்லிவிட்டேன். அவன் நம்பவில்லை. இனி என் கையில் பாவம் இல்லை. இதைவிடச் சுத்தமாக ஒரு பழி எந்தப் பெண்ணுக்கும் கிடைக்காது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைவரை வீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தால் போதும்.

கொல்லையில் தேங்காய் உரிக்கிற கடப்பாரை சாய்ந்திருக்கும். அதை எடுத்துக்கொண்டு எப்படி முன்பக்கம் வந்தேன் என்று ஞாபகம் இல்லை.

முதல் அடி அந்தக் கோட்டின் மேலேயே விழுந்தது. கரும்பு மாதிரி முறிந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம், அதுவே போதும். இரண்டாவது அடி அரிசிம்பருப்பு சாதத்துக்கு. மூன்றாவது, ‘அதான் பேசறியே’ என்று சொன்னதற்கு. அப்புறம் நான் எண்ணவில்லை. நன்றாக இருந்தது. பொய் எழுதி என்ன ஆகப்போகிறது? மிக நன்றாக இருந்தது.

அவன் ஓடிவந்து கடப்பாரையைப் பிடுங்கினான். “பைத்தியமா உனக்கு? ஏய், பைத்தியமா?” குரல் உடைந்துபோயிருந்தது. கண்ணில் தண்ணீர். பதினாறு வருடத்தில் அவன் அழுது பார்த்ததில்லை. “பழி வாங்கிட்டல்ல? இதுக்குத்தான் துடைச்சு மெழுகு போட்டு வெச்சியா?”

“ஆமா. வாங்கிட்டேன்.”

ஷர்மிளா இறங்கி வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. குனிந்து உடைந்த குழாயைக் கையில் எடுத்து, முறிந்த வாயை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு துண்டுகளை எல்லாம் பொறுக்கி ஜீப்பில் போட்டாள். போய்விட்டார்கள்.

திரும்பினேன். அத்தை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“அவன் அழுதானே நவமணி” என்றார். கண்ணு என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 26, திங்கள்

அத்தை பேசவில்லை. காப்பி டம்ளரை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். விரிசல் நிஜம்தான் என்று எடுத்துச் சொல்லலாம். சொன்னால் என்ன அர்த்தமாகும் என்று யோசித்தேன். வேண்டாம். பழிகாரி என்றே இருக்கட்டும்.

ஆகஸ்ட் 29, வியாழன்

இன்றும் பேச்சில்லை. பொள்ளாச்சியில் தங்கச்சி வீட்டுக்குப் போவதற்குப் பை எடுத்து வைத்திருக்கிறார். தடுக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். இறங்கும்போது என் தோளைப் பிடித்துத்தான் இறங்கினார். பிடித்த கையை எடுக்கக் கொஞ்சம் நேரமானது.

செப்டம்பர் 1, ஞாயிறு

காலையிலிருந்து ஒன்றும் ஓடவில்லை. துணி துவைத்தேன். துவைத்ததையே மறுபடி அலசினேன். பதினொரு மணிக்குக் கிளப்காரர்கள் போட்ட போட்டோ வந்தது. எல்லோரும் மேட்டுப்பாளையத்தில் டீ குடிக்கிறார்கள். ஓரத்தில் அவன், யாருடையதோ ஒரு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, உர்ரென்று நிற்கிறான். முழுசாக.

அதற்குப் பிறகுதான் பசித்தது. பழைய சோறும் மோரும்.

செப்டம்பர் 5, வியாழன்

டேனியல் கடைக்குப் போனேன். நல்லதாக ஒரு ரேஸ் சைக்கிள் வேண்டும் என்றேன். எனக்கு.

“போட்டிக்குங்களா மேடம்? இல்ல ஞாயித்துக்கிழமை சும்மா சுத்தறதுக்குங்களா?”

“ஆபீஸ் போறதுக்கு. தினமும்.”

“அப்படீன்னா கேரியரு?”

“அதோட சேத்துத்தான்.”

செப்டம்பர் 8, ஞாயிறு

சாயங்காலம் தெரியாத நம்பரிலிருந்து போன். “அக்கா, நான் ஷர்மிளா” என்றாள்.

வைத்துவிடப் போனேன். “ஒரு நிமிஷம்க்கா, வெச்சிராதீங்க” என்றாள். கேட்டுக்கொண்டிருந்தேன்.

“அந்தப் பிரேமைக் குன்னூர்ல தெரிஞ்சவர்கிட்ட கொண்டுபோய்க் காட்டினேன். உடைஞ்ச இடத்துல பாதிக்கு மேல பழைய முறிவாம். உள்ளே ஈரமும் அழுக்கும் ஏறிக் கிடக்குது. அன்னிக்கு நீங்க அடிச்சது மிச்சப் பாதியைத்தான். வந்து இவர்கிட்ட சொன்னேன், ஒத்துக்க மாட்டேங்கறார். நீங்க அன்னிக்கு வீட்டுக்குள்ள இவர்கிட்ட சொன்னீங்களாமே, நம்பலையாம். இறக்கத்துல அவர் பின்னாடியே ஒட்டி வர்றதா இருந்தது நான்தான்க்கா. அவர் விழுந்திருந்தா நானும் மேலேயே போய் விழுந்திருப்பேன்.”

இது எனக்குத் தெரியாது. இதைப்பற்றி நான் யோசித்ததே இல்லை.

“அத்தைக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டேன்” என்றாள். “அழுதாங்க. நாளைக்கு முதல் பஸ்ஸுக்கு வடவள்ளி வர்றாங்களாம். தேங்க்ஸ்க்கா.”

“உன்னை யாரு அவங்ககிட்டச் சொல்லச் சொன்னது?” என்றேன். “இங்க பாரு. நான் யாரையும் காப்பாத்தலை. பழிக்குத்தான் அடிச்சேன். அவர்கிட்டயும் அதைத்தான் சொன்னேன். நீ பாட்டுக்கு அதை வேற மாதிரி ஆக்காதே. என் வீட்டுலிருந்து எடுத்துட்டுப் போனது போதும். இதையாச்சும் எனக்கு விடு.”

அவள் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். துண்டித்துவிட்டேன்.

போனை மேஜையில் வைத்துவிட்டு, நாளைக்கு இரண்டு பேருக்கும் ஆகிற மாதிரி அரிசி ஊறப்போட்டேன். கோபத்தில்தான்.